இறந்தவருக்கு எவ்வளவு நேரம்?

சோஃபி தோஸ்கான் து பிளாந்தியே, பாரிஸில் தொலைக்காட்சி ஆவணப்படங்கள் தயாரித்தவர். 1996 டிசம்பர் 23 காலை, அயர்லாந்தின் மேற்குக் கார்க் பகுதியில் தன் விடுமுறை வீட்டுக்குப் போகும் பாதையில் கொலையுண்டு கிடந்தார். வயது 39. 2021இல் அவரைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு தொடர்கள் வந்தன. ஸ்கை தொலைக்காட்சிக்காக ஜிம் ஷெரிடன் எடுத்தது ஒன்று, நெட்ஃபிளிக்ஸுக்காக ஜான் டோவர் எடுத்தது மற்றொன்று. ஷெரிடனின் தொடரிலிருந்து தங்கள் பேட்டிகளை நீக்கிவிடும்படி சோஃபியின் குடும்பத்தார் கேட்டார்கள். டோவருக்குத் துணை நின்றார்கள்.

இரண்டையும் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். ஷெரிடன் பத்திரிகையாளர் இயன் பெய்லியோடு நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கொலைச் சந்தேகத்தில் அயர்லாந்தில் இருமுறை கைதாகியும் பெய்லி மீது வழக்குப் பதிவாகவில்லை. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் அவர் வராமலே விசாரித்து 25 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அயர்லாந்து அவரை ஒப்படைக்க மறுத்தது. 2024இல் இறக்கும்வரை குற்றத்தை மறுத்தார். வழக்கின் திருப்பங்கள் எல்லாம் அவரைச் சுற்றியே. டோவர் சோஃபியின் பெற்றோரிடமும் மகனிடமும் நம்மை அழைத்துப் போகிறார். ஆனால் கதை நகர நகர அவருடைய கேமராவும் பெய்லியிடமே போய்விடுகிறது. இறந்தவருக்கு நேரம் கிடைக்கக் குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஸ்பைக் லீயின் ‘4 லிட்டில் கேர்ள்ஸ்’ (1997) ஆவணப்படம் வேறு வழியில் போகிறது. 1963 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் பர்மிங்காமில் தேவாலயத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். அவர்களில் இளையவள் டெனிஸ் மெக்நேர், 11 வயது. அவளை ஒருமுறை கிரெஸ் கடைக்குக் கூட்டிப்போனதை அப்பா சொல்கிறார். வெங்காயம் வதங்கும் வாசனை. பிள்ளைக்குப் பசி. கறுப்பர்களுக்கு அங்கே சாண்ட்விச் தரமாட்டார்கள் என்பதை அவர் வாயாலேயே அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது அந்தத் தகப்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிணவறைப் படங்களையும் லீ சில நொடிகள் காட்டுகிறார். அது தேவையே இல்லை என்பேன். வெங்காய வாசனையிலேயே எல்லாம் வந்துவிட்டது.

யான்ஸ் ஃபோர்டின் ‘ஸ்ட்ராங் ஐலண்ட்’ (2017) இன்னும் உறுதியானது. 1992இல் லாங் ஐலண்டில், கார் பழுதுபார்க்கும் கடையொன்றில், அவருடைய அண்ணன் வில்லியமை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். வழக்குத் தொடர வேண்டாம் என்று ஜூரி முடிவெடுத்தது. சுட்டவனுக்கு ஃபோர்டு இடமே தரவில்லை. குடும்பப் புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் வெள்ளைப் பரப்பில் எடுத்துவைக்கிறார். அசையாத கேமராவின் முன் அம்மா பேசுகிறார்: ஆளை நிறத்தால் அல்ல, குணத்தால் எடைபோட வேண்டும் என்று சொல்லி வளர்த்ததில் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்துவிட்டதாக அவர் நினைக்கிறார். எந்தப் புலனாய்வும் இந்த வாக்குமூலத்தை வாங்கியிருக்காது.

கர்ட் குயென்னின் ‘டியர் சக்கரி’யை (2008) கடைசியாக வைக்கிறேன். கொலையுண்ட நண்பரின் கைக்குழந்தை வளர்ந்ததும் தன் அப்பாவைத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவர் இந்தப் படத்தை எடுத்துவந்தார். அந்தக் கொலைக்காகக் குற்றம் சாட்டப்பட்டு, கனடாவில் ஜாமீனில் இருந்த தாய், 2003இல் அந்தக் குழந்தையோடு கடலில் இறங்கினாள்; இருவரும் இறந்தார்கள். அதன் பிறகே படம் பொதுமக்களுக்கென்று ஆனது. குழந்தையின் தாத்தாவும் பாட்டியும் ஓயவில்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஜாமீனை மறுக்க இடம் தரும் சட்டத் திருத்தம் 2010இல் கனடாவில் நிறைவேறியது.