மஞ்சப்பையை எதைக் கொண்டு அளப்பது?

சூழலைக் காக்க ஒரு சாதாரணக் குடும்பம் அன்றாடம் என்ன செய்யலாம் என்று கேட்டால், தமிழ்நாட்டில் முதலில் வரும் பதில் மஞ்சப்பைதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநில அரசு தடை விதித்தது. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் வந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஆனாலும் சாயங்காலம் ஒரு காய்கறிக் கடையின் முன் சற்று நேரம் நின்று பார்த்தால், கவர்கள் கைமாறிக்கொண்டே இருப்பதைக் காணலாம். தடை இருக்கிறது, மாற்றுப் பை இருக்கிறது, கவரும் இருக்கிறது. இந்த மூன்றும் எப்படி ஒரே தெருவில் நிலைத்திருக்கின்றன என்று ஆராயாமல் மஞ்சப்பையைப் புகழ்ந்தும் பயனில்லை, பழித்தும் பயனில்லை.

கவர் செய்யும் கேடு

மஞ்சப்பையின் நிறைகளைப் புரிந்துகொள்ள, அது எதை விரட்ட வந்ததோ அதிலிருந்து தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு வாங்குகிறார். பால் பாக்கெட் கவரைக்கூடக் கழுவிச் சேர்த்து வைத்தால் விலை உண்டு. மெல்லிய கேரி பேக்கை யாரும் வாங்குவதில்லை. ஒரு கிலோ சேர நூற்றுக்கணக்கான கவர்களைப் பொறுக்க வேண்டும். அதிலும் பாதி ஈரமும் மண்ணும் படிந்தவை. விலையில்லாத குப்பையைத் தேடி யாரும் வருவதில்லை. அது காற்றில் பறந்து வாய்க்காலில் விழுந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது மழைநீர் வடிகாலின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது.

இரண்டாவது கேடு அதிகம் பேசப்படாதது. காய்கறித் தோலையும் மிஞ்சிய சோற்றையும் கவரில் போட்டு இறுக முடிச்சிட்டு எறியும் வழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. தானே மட்கி உரமாகியிருக்க வேண்டியது காற்றில்லாமல் உள்ளேயே அழுகி மீத்தேனாகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டில் பிரிப்பதன் பலன் முழுவதையும் அந்த ஒரு முடிச்சு கெடுத்துவிடுகிறது. வாசனை தேடி வரும் மாடு கவரோடு சேர்த்துத்தான் தின்கிறது. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றிலும் பிளாஸ்டிக் இருந்தது. அந்த யானை கருவுற்றிருந்தது.

இந்தக் கேட்டுக்கு எதிராக மஞ்சப்பை எளிமையான விடை. மின்சாரம் வேண்டாம், நிபுணர் வேண்டாம். கிழிந்தால் தைக்கலாம், அழுக்கானால் துவைக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தையல் வேலை கிடைக்கிறது. இவற்றைவிடப் பெரிய பலன் ஒன்றும் உண்டு. ஒரு தலைமுறைக் காலம் மஞ்சப்பையோடு பேருந்தை விட்டு இறங்குபவரைப் பட்டிக்காடு என்று நகரம் கேலி செய்தது. அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் வெறுங்கையோடு கடைக்குப் போகப் பழகினார்கள். கேலிக்குரிய பொருளாக இருந்ததை அரசு தன் இயக்கத்தின் அடையாளமாக ஏற்று, அந்தக் கூச்சத்தைத் துடைத்தது. இளைஞர்கள் இன்று துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். விளம்பரத்தால் மட்டும் இவ்வளவு மனமாற்றம் வந்துவிடாது. இந்த இயக்கத்தின் உண்மையான வெற்றி இதுதான்.

பருத்திக்கும் விலை உண்டு

துணி என்றாலே தூய்மை என்று எண்ணுவதில்தான் முதல் சிக்கல். ஒரு கிலோ பருத்தித் துணி உருவாக, விளைச்சலுக்கான மழைநீரையும் சேர்த்து, உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. 100 கிராம் எடையுள்ள பை ஒன்றின் பின்னால் ஏறக்குறைய 1,000 லிட்டர். சாயத்தின் விலையையும் நாம் நேரில் பார்த்திருக்கிறோம். திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. மஞ்சள் நிறமும் ஒரு சாயம்தான்.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. கடையில் தரும் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, பருவநிலைத் தாக்கத்தை மட்டும் கணக்கில் கொண்டால் ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்றது அது. எல்லாவகைச் சூழல் தாக்கங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 7,100 ஆகிறது. அதாவது தினமும் எடுத்துப்போனாலும் 19 ஆண்டுகளுக்கு மேல்.

இந்த இரண்டாவது எண்ணைக் காட்டி, கவரே மேல் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதம் நம் தெருவுக்குப் பொருந்தாது. டென்மார்க்கில் அந்தப் பை குப்பைத்தொட்டிக்கு உறையாகி, எரியுலைக்குப் போய்ச் சேருகிறது என்ற அடிப்படையில் போட்ட கணக்கு அது. தெருவில் பறக்கும் பையும், வாய்க்காலை அடைக்கும் பையும், விலங்கின் வயிற்றில் சேரும் பையும் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. நமக்கோ பெருங்கேடே அவைதான். ஆனால் 52 என்ற எண்ணை அப்படித் தள்ளிவிட முடியாது. வாரத்துக்கு ஒருமுறை சந்தைக்கு எடுத்துப்போனால் ஓராண்டில் அந்தக் கடன் அடையும். பீரோவுக்கு மேல் மடித்துப் போட்டால் ஒருநாளும் அடையாது.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். கல்யாணத் தாம்பூலப் பை, ஜவுளிக்கடைப் பை, அலுவலக விழாவில் தந்த பை, இயந்திரத்தில் 10 ரூபாய்க்கு வாங்கிய பை என்று துணிப்பைகள் குவிகின்றன. கவர் வாங்குவதும் நிற்பதில்லை. பையை மறந்து வந்தவருக்கு இயந்திரம் உதவுகிறது, உண்மைதான். ஆனால் மறக்கும் ஒவ்வொரு முறையும் புதுப்பை வாங்கினால், மஞ்சப்பையே ஒருமுறைப் பொருளாகிவிடும்.

பருத்தியாக இருந்தால்தான் நல்லது என்பதும் இல்லை. அந்தக்கால ஒயர்கூடை பிளாஸ்டிக்தான். இருபது வருடம் உழைக்கும். பழைய சிமெண்ட் சாக்கில் தைத்த பையும் அப்படியே. மறுபுறம், துணிபோலவே தோன்றும் நெய்யாத பைகள் கடைகளில் தொங்குகின்றன. அவையும் பிளாஸ்டிக் இழையே, 2019 தடைப் பட்டியலில் இடம்பெற்றவையே. ஓரத்தில் நூல் பிரிந்து வந்தால் துணி. நூலே வராமல் பஞ்சுத்தாள்போல் கிழிந்தால் பிளாஸ்டிக். ஒரு பையின் தகுதியை அது எதனால் ஆனது என்பதைவிட, எத்தனை முறை கடைக்குப் போய்வந்தது என்பதைக் கொண்டே மதிக்க வேண்டும். அந்த வகையில் பழைய வேட்டியிலோ பேன்ட்டிலோ தைத்த பைக்கு இணையில்லை. அதற்காகப் புதிதாக ஒரு பருத்திச் செடியும் வளர வேண்டியதில்லை.

ஈரப் பொருளுக்கு விடை எங்கே?

மஞ்சப்பையின் அடுத்த குறை அதன் எல்லை. கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் அது தாங்கும். மீன், கறி, இட்லி மாவு, ஓட்டல் சாம்பார் ஆகியவற்றை அதில் வாங்க முடியுமா? கவர் இன்று ஆழ வேரூன்றியிருப்பது இந்த ஈரப் பொருள் வியாபாரத்தில்தான். பார்சல் சாப்பாட்டைத் துணிப்பையில் எடுத்துச் செல்பவர் கையில்கூட, உள்ளே சாம்பாருக்கும் ரசத்துக்கும் பொரியலுக்கும் தனித்தனிக் கவர் இருக்கும். இதற்கு விடை தூக்குவாளியும் மூடியுள்ள சம்படமும்தான். ஆனால் இயக்கத்தின் சுவரொட்டிகளில் பைக்குக் கிடைத்த இடம் பாத்திரத்துக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பது. பையைத் துவைத்து, மடித்து, நினைவாகக் கொடுத்தனுப்பும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடமே வந்து சேர்கிறது. கடைத்தெருவில் அபராதம் கட்டுபவர் பூ விற்பவரும் தள்ளுவண்டிக்காரரும். கவர் தரவில்லையென்றால் வாடிக்கையாளர் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவார் என்ற பயத்தில்தான் அவர் கவர் வைத்திருக்கிறார். அந்தக் கவரைத் தயாரித்தவரும் மொத்தமாக விற்றவரும் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. மத்திய அரசின் விதி 120 மைக்ரானும் அதற்கு மேலும் தடிமனுள்ள கேரி பேக்கை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டின் தடையோ எல்லாத் தடிமனுக்கும் பொருந்தும். வெளியே சட்டப்படி தயாராகும் பைகூட எல்லை தாண்டியதும் இங்கே சட்டவிரோதமாகிவிடும். இந்த இடைவெளியை அடைக்கும் பொறுப்பைத் தள்ளுவண்டிக்காரர் மேல் போடுவது நியாயமில்லை.

பைக்குள் இருக்கும் பாக்கெட்டுகளையும் பார்க்க வேண்டும். மளிகைக் கடையில் ஒரு கவரைத் தவிர்த்துவிட்டு, பருப்பு, எண்ணெய், பிஸ்கட், ஷாம்பு என்று பத்துப் பாக்கெட்டுகளை மஞ்சப்பையில் போட்டு வருகிறோம். பல அடுக்குகளால் ஆன பாக்கெட்டுகளை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். அவற்றைத் திரும்பப் பெறும் கடமை உற்பத்தியாளருடையது என்று பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. பை எடுத்துப்போகும் குடிமகன் தன் பங்கைச் செய்துவிட்டார். பாக்கெட் போடுபவரிடம் அவரது பங்கைக் கேட்பதும் அதே இயக்கத்தின் வேலையாக இருக்க வேண்டும்.

பிரசாரம் இல்லாமலே நடப்பது

இத்தனை குறைகளுக்கு நடுவே, கையில் பையோ பாத்திரமோ எடுத்துப்போகும் வழக்கம் நம்மிடம் சாகவில்லை என்பதற்குச் சான்று ரேஷன் கடை. அங்கே யாரும் வெறுங்கையோடு போவதில்லை. அரிசிக்கு ஒரு பை, சர்க்கரைக்கு ஒரு பை என்று எண்ணி எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். மாவு மில்லுக்குத் தூக்குவாளி போகிறது. செக்கில் எண்ணெய் ஆட்டப் போகிறவர் கேனோடு போகிறார். இதற்கு எந்தச் சுவரொட்டியும் தேவைப்படவில்லை. அங்கே பை தரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். ரேஷன் கடைக்குப் பையோடு போகும் அதே ஆள்தான் அடுத்த தெருக் காய்கறிக் கடைக்கு வெறுங்கையோடு போகிறார். ஆகவே, மக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது தவறு. கேட்காமலே இலவசமாகக் கவர் கிடைக்கும் இடத்தில் நினைவாற்றல் மங்குகிறது. கிடைக்காத இடத்தில் தானாகக் கூர்மையடைகிறது.

விலையும் இதே வேலையைச் செய்யும். அயர்லாந்து 2002இல் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி விதித்ததும் அதன் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம்மூரிலேயே உதாரணம் உண்டு. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கிறார்கள். காட்டுப் பாதையில் வீசப்பட்டு விலங்குகளின் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. அறிவுரையால் முடியாததைப் 10 ரூபாய் செய்தது. பிளாஸ்டிக்குக்கு எதிரான நீலகிரியின் முயற்சி, சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்த 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழக்கம் ஒரு நாளில் வருவதில்லை. விதியும் விலையும் விடாத கண்காணிப்பும் பல ஆண்டுகள் துணை நிற்க வேண்டும்.

செய்யக்கூடியவை

அப்படியானால் நீலகிரியின் முன்பண முறை மஞ்சப்பைக்கும் பொருந்தும். ஒரு சந்தையின் கடைகள் எல்லாம் சேர்ந்து 20 ரூபாய் முன்பணத்துக்குப் பை தரட்டும்; எந்தக் கடையில் திருப்பிக் கொடுத்தாலும் பணம் திரும்பக் கிடைக்கட்டும். பை மறந்தவருக்கும் வழி கிடைக்கும், வீட்டில் குவிவதும் நிற்கும். மீன் சந்தையிலும் மாவுக் கடையிலும் பாத்திரம் கொண்டுவருபவருக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைத்துக் கொடுக்கலாம். உள்ளாட்சி அமைப்புகள் தெருவோரக் கடையில் அபராதம் போடுவதற்கு முன்னால் மொத்த விற்பனைக் கிடங்குக்குப் போகட்டும்.

வீட்டளவில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. முன்பு சந்தைக்குத் திட்டமிட்டுப் போனோம், பை தானாகக் கூட வந்தது. இப்போது வேலை முடிந்து திரும்பும் வழியில் வாங்குகிறோம். பை வீட்டில் இருக்கிறது. ஆகவே, வண்டியின் சீட்டுக்கு அடியில் இரண்டு பை, ஒரு சம்படம். சாமானை எடுத்து வைத்த கையோடு அவை வண்டிக்கே திரும்பிவிட வேண்டும். கல்யாண வீட்டார் ஆளுக்கு ஒன்று என்பதைக் குடும்பத்துக்கு ஒன்று என்று மாற்றினால் பாதிப் பைகள் மிச்சம். இருக்கும் பை கிழியும்வரை புதிய பை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம்.

எத்தனை பை வழங்கினோம், எத்தனை இயந்திரம் வைத்தோம் என்ற எண்ணிக்கையை வெற்றியின் அளவாகக் கொள்ளும்வரை, மஞ்சப்பை இன்னொரு இலவசப் பொருளாகவே இருக்கும். ஒரு சந்தையில் போன மாதம் எத்தனை கிலோ கவர் வந்து இறங்கியது, இந்த மாதம் எவ்வளவு குறைந்தது என்று எண்ணத் தொடங்கினால்தான் அது இயக்கமாகும். எண்ண முடியாத ஒன்றல்ல இது. வாங்கும் வியாபாரிக்கும் விற்கும் மொத்தக் கடைக்கும் அந்தக் கணக்கு தெரியும். அதை ஒவ்வொரு நகராட்சியும் கேட்டு வாங்கி மக்கள் முன் வைக்க வேண்டும். மஞ்சப்பை நல்ல பை. அதை நம்பிக் கவரைக் கேட்காமல் திரும்பும் கைகளின் எண்ணிக்கையே அதன் மதிப்பு.