பேசாத நாயகர்கள், பேசும் நாயகர்கள்: வீடியோ கேம்களில் குரலின் இடம்

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சில மாத இடைவெளியில், இரண்டு வீடியோ கேம்கள் வெளிவந்தன. ஜப்பானில் ஹிதேயோ கோஜிமா உருவாக்கிய மெட்டல் கியர் சாலிடின் நாயகன் ஸ்னேக், எதிரியின் தளத்துக்குள் ஒளிந்து ஊர்ந்தபடியே ரேடியோவில் பேசுகிறான். மேலதிகாரியோடு வாதிடுகிறான், போரைப் பற்றியும் மரபணுவைப் பற்றியும் கேள்வி கேட்கிறான். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் உருவாக்கிய ஹாஃப் லைஃபில் கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்கு வருகிறார். விபத்து நடக்கிறது. வேற்றுலக உயிர்களோடும் ராணுவத்தோடும் போராடுகிறார். தொடக்கம் முதல் முடிவுவரை அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வருவதில்லை. இரண்டு கேம்களும் இன்றுவரை இந்தத் துறையின் உச்சங்களில் வைத்தே எண்ணப்படுகின்றன.

ஆகவே குரல் இல்லாதது குறை என்று சொல்லிவிட முடியாது. மௌனம்தான் கேமுக்கே உரிய கலை, பேச்சு சினிமாவிடம் வாங்கிய கடன் என்றும் சொல்லிவிட முடியாது. நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் வேறொரு கேள்வியே முன்னுக்கு வருகிறது: கதைக்குள் முடிவெடுப்பவர் ஆட்டக்காரரா, எழுத்தாளரா? இதற்குத் தெளிவாக விடை கண்ட கேம்களில் மௌனமும் சிறந்திருக்கிறது, பேச்சும் சிறந்திருக்கிறது. விடை காணாதவை இரண்டின் பலனையும் இழந்திருக்கின்றன.

இடமில்லாததால் வந்த மௌனம்

தொடக்ககால மௌனம் யாரும் விரும்பித் தேர்ந்தது அன்று. 1970களின் இறுதியில் எம்.ஐ.டி.யில் எழுதப்பட்ட ஸோர்க் போன்ற கேம்கள் திரையில் வெறும் எழுத்தாகவே இருந்தன. அவை ஆட்டக்காரரையே முன்னிலையில் விளித்தன. நாயகனுக்குத் தனியாக முகமும் இல்லை, குணமும் இல்லை. விசைப்பலகையில் தட்டும் கட்டளைதான் அவன் பேச்சு.

1986இல் வந்த முதல் டிராகன் குவெஸ்ட் முழுவதும் 64 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கியது. ஊர்கள், அரக்கர்கள், இசை, வசனம் எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான் இடம். அதைப் படைத்த யூஜி ஹோரி அந்தக் குறுகலுக்குள் ஒரு வழி கண்டார். ஊரார் எல்லோரும் நாயகனிடம் பேசுவார்கள்; நாயகன் உரையாட மாட்டான். அவனுக்குப் பெயர் சூட்டுவது ஆட்டக்காரர். எனவே மன்னர் அழைக்கும்போது ஆடும் சிறுவனோ சிறுமியோ கேட்பது பெரும்பாலும் சொந்தப் பெயரைத்தான். பற்றாக்குறையில் பிறந்த இந்த உத்தி, ஜப்பானிய கதைக் கேம்களின் மரபாகவே நிலைத்துவிட்டது.

சிடி வந்ததும் நிலைமை மாறியது. ஒரு வட்டில் ஏறக்குறைய 650 மெகாபைட் கிடைத்ததால் குரல்பதிவு எளிதாயிற்று. 1996இல் ட்யூக் நியூகம் 3டியின் நாயகன் சுட்டுக்கொண்டே பஞ்ச் டயலாக் பேசினான். அதற்குப் பிறகும் ஒரு படைப்பாளி நாயகனின் வாயைத் திறக்கவில்லை என்றால், அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. ஹாஃப் லைஃபின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது.

செயலே பேச்சாகும்போது

மௌன நாயகன் சிறக்க வேண்டுமானால், அவன் செயலை உலகம் கவனிக்க வேண்டும். ஹாஃப் லைஃப் 2இன் (2004) தொடக்கத்தில் இதற்கு ஒப்பற்ற ஒரு காட்சி இருக்கிறது. வேற்றுலக ஆட்சிக்கு அடிமைப்பட்ட நகரத்தின் ரயில் நிலையம். முகமூடி அணிந்த காவலன் ஒருவன் காலி டப்பா ஒன்றைத் தரையில் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறான். போட்டால் வழி விடுகிறான். அதே டப்பாவை அவன் முகத்தில் வீசியும் அடிக்கலாம். அப்போது தடியோடு துரத்துகிறான். பணிவா எதிர்ப்பா என்ற கேள்விக்கு ஆட்டக்காரர் கையால் விடை சொல்கிறார். கார்டன் அங்கே வீரவசனம் பேசியிருந்தால் அந்த விடை எழுத்தாளருடையதாகியிருக்கும்.

க்ரோனோ ட்ரிக்கர் (1995) இதையே வேறு விதமாகச் செய்தது. தொடக்கத்தில் ஒரு திருவிழா வருகிறது. மேசையில் இருக்கும் பிறருடைய உணவைச் சாப்பிடலாம், பூனையைத் தொலைத்த சிறுமிக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். கேம்களில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால் எவரும் யோசிப்பதில்லை. பிறகு நாயகன் க்ரோனோ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். திருவிழாவில் செய்தவை ஒவ்வொன்றாகச் சாட்சியமாக வருகின்றன. பேசாத ஒருவனின் குணம் அவன் செயல்களிலிருந்தே எடைபோடப்படுகிறது. தண்டிக்கப்படுவதும் பாராட்டப்படுவதும் ஆட்டக்காரரின் மனசாட்சிதான்.

பயோஷாக் (2007) மௌனத்தையே கதைப்பொருளாக்கியது. தொடக்கத்தில் வரும் சிறு குரல் தவிர நாயகன் ஜாக் பேசுவதில்லை. கடலடி நகரமான ரேப்சரில் ரேடியோக் குரல் ஒன்று பணிவாக வேண்டிக்கொள்கிறது; நாம் சொன்னபடி செய்கிறோம். அந்தப் பணிவான வேண்டுகோளே ஜாக்கின் மூளையில் பதிக்கப்பட்ட அடிமைக் கட்டளை என்பது கதை பாதியைத் தாண்டிய பின் தெரியவருகிறது. கேம் சொன்னதையெல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்த ஆட்டக்காரரின் மௌனம் குற்றச்சாட்டாகத் திரும்புகிறது. ஜாக் இடையில் ஒருமுறை ஏன் என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே நிற்காது.

போர்ட்டலில் (2007) செல் என்ற பெண் பேசாததால் க்ளாடோஸ் என்ற இயந்திரத்தின் ஏளனம் முழுவதும் நேராக நம்மை வந்து அடிக்கிறது. அந்த இயந்திரத்துக்குக் குரல் தந்த எலன் மக்லெய்ன் பேசப் பேச, செல் தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறாள். அடக்குபவரின் ஓயாத பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்வினை இல்லை.

மௌனம் பொய்யாகும் இடம்

மௌனத்துக்கு எல்லைகளும் உண்டு. உற்ற நண்பர் கண்ணெதிரே இறக்கும்போது, காதலைச் சொல்லும் பெண் விடைக்காகக் காத்திருக்கும்போது, மரம்போல் நிற்கும் நாயகன் நம்பிக்கையைக் குலைக்கிறான். புள்ளிகளால் ஆன சிறு உருவமாக இருந்தவரை அவன் முகத்தில் நாம் விரும்பிய உணர்ச்சியை ஏற்றிக்கொண்டோம். தோலின் துளைகூடத் தெரியும் முகத்தில் அதைச் செய்ய முடியவில்லை. படங்கள் மெய்யாக மாற மாற மௌன நாயகனைப் படைப்பது கடினமாகிறது என்று 2024இல் யூஜி ஹோரியே பேசினார். பெர்சோனா கேம்களில் பெரும்பாலும் பேசாத நாயகர்களைப் படைத்துவந்த அட்லஸ் நிறுவனம், அதே ஆண்டு வெளியிட்ட மெட்டஃபர்: ரீஃபன்டாசியோவில் நாயகனுக்குக் குரல் கொடுத்தது. வால்வ் நிறுவனமும் ஹாஃப் லைஃப்: அலிக்ஸில் (2020) மௌன மரபை விட்டு, பேசும் நாயகியோடு வந்தது.

மௌனத்தின் காரணத்தைக் கதைக்குள்ளேயே சொல்லும் வழியும் உண்டு. ஸெல்டா வரிசையின் ப்ரெத் ஆஃப் த வைல்ட் (2017) கேமில் இளவரசியின் நாட்குறிப்பைத் தேடிப் படித்தால், நாயகன் லிங்க் ஏன் பேசுவதில்லை என்பது விளங்குகிறது. எல்லோர் கண்ணும் தன்மேல் இருப்பதால் வலிமையோடு நின்று, பாரத்தையெல்லாம் வாய்விடாமல் சுமக்க வேண்டும் என்று அவன் எண்ணுகிறான். முப்பது ஆண்டு மரபு ஒரு மனிதனின் சுமையாக மாறிவிடுகிறது.

குரல் கொடுப்பதும் எடுத்துக்கொள்வதும்

டெட் ஸ்பேஸ் (2008) கேமில் ஐசக் கிளார்க் கவசத்துக்குள் மூச்சிரைத்தபடி நடக்கும் பொறியாளர்; அவர் பேசுவதில்லை. டெட் ஸ்பேஸ் 2இல் (2011) கன்னர் ரைட்டின் குரலில் பேசினார். அங்கே கதை மாறியிருந்தது. இறந்துபோன காதலியின் உருவெளித்தோற்றத்தோடும் தன் குற்ற உணர்வோடும் அவர் மல்லுக்கு நிற்கிறார். அந்தப் போராட்டம் ஐசக்குடையது, ஆட்டக்காரருடையது அன்று. ஆகவே குரல் அவசியமாயிற்று. 2023இல் முதல் கேம் மறு ஆக்கம் பெற்றபோதும் ஐசக் பேசினார், ஆனால் அளந்து பேசினார்.

ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2இன் (2018) ஆர்தர் மார்கனை ரோஜர் கிளார்க்கின் குரல் இல்லாமல் எண்ணிப் பார்க்க முடியாது. நோயில் தேயும் கொள்ளைக்காரன் தன் வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கும் கதை அது. நாம் ஆர்தராக மாறுவதில்லை. அவன் கூடவே குதிரையில் போகிறோம். அங்கே குரல் நம்மிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

பறிப்பது எப்போது? தேர்வை ஆட்டக்காரருக்குத் தந்துவிட்டுச் சொல்லை எழுத்தாளர் வைத்துக்கொள்ளும்போது. மாஸ் எஃபெக்ட் (2007) வரிசையில் தளபதி ஷெப்பர்டின் பாலும் முகமும் நம் விருப்பம். மார்க் மியரும் ஜெனிஃபர் ஹேலும் குரல் தந்தார்கள். திரையில் வரும் சக்கரத்தில் இரண்டு மூன்று சொல்லில் பதிலின் சாரம் இருக்கும். தேர்ந்ததும் ஷெப்பர்ட் முழு வாக்கியமாகப் பேசுவார். நாம் நினைத்ததற்கும் அவர் சொன்னதற்கும் நடுவே பிளவு விழும் இடங்கள் உண்டு. ஷெப்பர்ட் ஏற்கெனவே பதவியும் பொறுப்பும் உள்ள ராணுவ அதிகாரி என்பதால் அந்தப் பிளவைத் தாங்க முடிந்தது. எல்.ஏ. நோயரில் (2011) தாங்க முடியவில்லை. விசாரணையில் 'சந்தேகி' என்று தேர்ந்தால், துப்பறியும் ஃபெல்ப்ஸ் சாட்சியின் மேல் சீறி விழுவார். மென்மையாகக் கேட்க நினைத்தவர் திடுக்கிட்டுப்போவார். 2017 மறுவெளியீட்டில் அந்தத் தேர்வுகளின் பெயர்களையே மாற்ற வேண்டிவந்தது.

ஃபால்அவுட் 4 (2015) இன்னும் தெளிவான பாடம். முந்தைய ஃபால்அவுட்களில் நாயகனின் பதில்கள் முழு வாக்கியங்களாகத் திரையில் வரிசையாக நிற்கும். கிண்டல், தந்திரம், அறியாமை என்று பல வகை இருக்கும். நான்காம் ஃபால்அவுட்டில் ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் தலா சுமார் 13,000 வரிகள் பதிவாயின. பதில்கள் நான்காகச் சுருங்கின, அவையும் ஓரிரு சொற்களாகக் குறுகின. முழு வாக்கியத்தைக் காட்டும் மாற்று நிரலை ரசிகர்களே எழுதிக்கொண்டார்கள். அந்தக் கேமை உருவாக்கிய நிறுவனம் ஸ்டார்ஃபீல்டில் (2023) குரலற்ற நாயகனுக்குத் திரும்பியது.

மெட்ராய்ட் வரிசையின் நாயகி சேமஸுக்கு நேர்ந்தது வேறு வகை இழப்பு. 1986 முதல் வேற்றுக்கோள்களில் தனியே உலவி, பெரும்பாலும் யாருக்கும் விளக்கம் தராதவள் அவள். அதர் எம் (2010) அவளை நீண்ட தன்னுரைகள் பேசவைத்தது. தன் ஆயுதங்களைப் பயன்படுத்தப் பழைய தளபதியின் அனுமதிக்குக் காத்திருக்கவும் வைத்தது. ரசிகர்கள் கால் நூற்றாண்டாக மனத்தில் வளர்த்திருந்த சேமஸ் அவளல்ல. மெட்ராய்ட் டிரெட் (2021) கேமில் அவள் மீண்டும் அமைதியானாள். ஒரே ஒரு இடத்தில், தன்னை வளர்த்த சோஸோ இனத்தின் மொழியில் சுருக்கமாகப் பேசுகிறாள். பல மணி நேர மௌனத்துக்குப் பின் வரும் அந்தப் பேச்சுக்கு இருக்கும் கனம் தன்னுரைகளுக்கு இல்லை.

நடுவழிகள்

இரண்டுக்கும் இடையே நல்ல பாதைகள் உண்டு. அமெரிக்காவின் சூப்பர்ஜெயன்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் ஒன்றே பலவற்றை நடந்து பார்த்தது. பாஸ்டியனில் (2011) நாயகன் பேசமாட்டான். நாம் செய்வதையெல்லாம் ஒரு முதியவர் உடனுக்குடன் கதையாகச் சொல்லிக்கொண்டே வருவார். டிரான்சிஸ்டரின் (2014) நாயகி குரல் பறிக்கப்பட்ட பாடகி. அவளை முணுமுணுக்க வைக்கத் தனிப் பொத்தான் உண்டு. ஹேடிஸின் (2020) ஸக்ரியஸ் வாய் ஓயாதவன். ஒவ்வொரு முறை இறந்து திரும்பும்போதும் உறவினரோடு புதிதாக ஏதேனும் பேசுவான். இறப்பு கதையைத் துண்டிக்காமல் தொடரவைக்கும் உத்தியாக அந்தப் பேச்சு அமைந்தது.

டிஸ்கோ எலிசியம் (2019) எல்லோரையும்விடத் துணிந்தது. நினைவிழந்த துப்பறிவாளனின் அறிவு, அச்சம், கற்பனை முதலான 24 திறன்கள் அவன் தலைக்குள்ளிருந்து வாதிடுகின்றன. 2021இல் வந்த முழுக் குரல் பதிப்பில் லென்வல் பிரௌன் அவற்றுக்குக் குரல் தந்தார். ஆயினும் நாயகன் வெளியே சொல்லும் பதில்கள் எழுத்தாகவே நிற்கின்றன. எண்ணம் எழுத்தாளருடையது, தீர்மானம் ஆட்டக்காரருடையது என்ற பங்கீடு இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் அமையவில்லை.

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா (2023) இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய கேம். டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கி, 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. பாடல்கள் ஒலிக்கின்றன, உரையாடல் எழுத்தாகவே வருகிறது. அம்மாவின் குரலைப் படிப்பவர் தம் நினைவிலிருந்து எடுத்துக்கொள்கிறார். மகனுக்குச் சொல்ல முடியாததை இட்லியும் பிரியாணியும் சொல்கின்றன. கையின் வேலையே பேச்சாவதற்கு இது தமிழில் கிடைத்த அழகிய சான்று.

செலவும் கூலியும்

இந்த விவாதத்துக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. எழுத்தில் இருக்கும் வசனத்தை வெளியீட்டுக்கு முந்தைய வாரம்கூடத் திருத்தலாம். பதிவான வசனத்தைத் திருத்த நடிகரையும் ஸ்டுடியோவையும் மறுபடி பிடிக்க வேண்டும். ஆகவே குரல் கூடும்போது கிளைக்கதைகள் குறைவது இயல்பு. பால்டர்ஸ் கேட் 3 (2023) தோழர்கள் அனைவருக்கும் குரல் தந்து, ஆட்டக்காரர் உருவாக்கும் நாயகனை மட்டும் உரையாடல்களில் குரலின்றி விட்டதால்தான் அத்தனை கிளைகளைத் தாங்க முடிந்தது. செயற்கை நுண்ணறிவுக் குரல் இந்தச் செலவைத் துடைத்துவிடும் என்று இப்போது சொல்லப்படுகிறது. அமெரிக்கக் குரல் கலைஞர்கள் 2024 ஜூலை முதல் ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தது அந்தக் குரல் தங்கள் இடத்தைப் பிடித்துவிடும் என்ற அச்சத்தால்தான். அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆர்தர் மார்கனின் இருமலில் இருப்பது ஒரு மனிதனின் உழைப்பு. குரல் மலிவாவதால் அதை எங்கும் ஒட்டிவிடலாம் என்றும் ஆகாது. ஃபால்அவுட் 4இல் கெட்டது குரலின் தரம் அன்று, தேர்வின் சுதந்திரம்.

தமிழில் கேம் உருவாக்க முனையும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களிடம் சொல்ல ஒன்றுண்டு. குரல் தேர்வு நடத்துவதற்கு முன் தீர்மானம் யாருடையது என்று முடிவு செய்யுங்கள். ஆட்டக்காரருடையது என்றால் நாயகனை மௌனமாக விடுங்கள். அவர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் உங்கள் உலகம் விடை சொல்லட்டும். உங்களுடையது என்றால் நல்ல கலைஞரைத் தேடி, உரிய கூலி கொடுத்து, முழுமனதோடு பேசவையுங்கள்.