கர்நாடகத்தின் எழுத்தும் மாலியின் கோடும்

மேக்ஸ் பீர்போம் (1872–1956) 1898 முதல் 1910 வரை 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் நாடகத் திறனாய்வு எழுதியவர். அப்பணியில் அவருக்கு முன்னிருந்த பெர்னார்ட் ஷாவையே பலமுறை கேலிச்சித்திரமாகத் தீட்டியவரும் அவரே. திறனாய்வும் சித்திரமும் ஒரே கையிற் பிறந்தன. தமிழில் இவருக்கு இணை தேடுவோர் கல்கியை (1899–1954) நாடுவது இயல்பு. 1930களின் 'ஆனந்த விகட'னில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கல்கி எழுதிய இசை விமர்சனங்கள் நகைச்சுவையாலேயே வாசகரை ஈர்த்தன. எனினும் இவ்வொப்பீடு பாதி வழிக்குமேல் செல்லாது.

கல்கியின் சிரிப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு வழக்கு உண்டு. 'நவசக்தி'யிலும், இராஜாஜி நடத்திய மதுவிலக்கு இதழான 'விமோசன'த்திலும் பயின்ற பேனா அது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடலுக்கு இடம் கேட்டபோதும் அவருடைய கேலி வாசகரைத் தம் பக்கம் சேர்க்கும் கருவியாகவே இயங்கியது. பீர்போமோ எவரையும் திருத்த முனைந்தவரல்லர். கேலிச்சித்திரம் எவர்மீதும் அறத்தீர்ப்பு வழங்குவதன்று. மிகைப்படுத்தலின் இன்பமே அதன் பயன் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கைக்கு நெருங்கி வருபவர் அதே 'விகட'னில் வரைந்த மாலி. (இயற்பெயர் டி. ஆர். மகாலிங்கம், அதே பெயரும் அதே சுருக்கமும் கொண்ட புல்லாங்குழல் கலைஞர் வேறு. நூலடைவு செய்வோர் இதில் விழிப்பாயிருத்தல் நலம்.) பாடகரின் வாய்த்திறப்பையும் கையசைவையும் சில கோடுகளில் பிடித்த அவர் சித்திரங்களில் கண்டனம் இல்லை, கூர்ந்த கவனிப்பு உண்டு. குரலுக்காக உடல் படும் பாட்டை அவை காட்டுகின்றன. கல்கி வாதிட்டார், மாலி பார்த்தார். சில்பி, கோபுலு ஆகிய ஓவியர்களுக்கு அப்பெயர்களைச் சூட்டியவர் என்ற அளவில் மட்டும் மாலியை நினைவுகூர்வது போதாது. பார்த்தலும் திறனாய்வே என்பதை ஏற்றால், அவரைத் தமிழ் இசைத் திறனாய்வாளருள் ஒருவராகக் கொள்ள வேண்டும்.

நம் இதழியல் ஆய்வேடுகளோ எழுத்தை மூலமாகவும் சித்திரத்தைப் பக்க அலங்காரமாகவும் கொள்கின்றன. கர்நாடகத்தின் விமர்சனங்களை அச்சுநூல் தொகுப்புகளிலிருந்து மட்டும் மேற்கோள் காட்டும் வழக்கம் இப்பிரிவினையை இறுக்குகிறது. மூல இதழ்ப் பக்கத்தில் எந்த விமர்சனத்தின் அருகே எந்தச் சித்திரம் நின்றது என்பதைத் தேதிவாரியாகக் குறிக்கும் அடைவொன்றே முதல் தேவை. அப்பணியைத் தமிழ்த்துறையினர் ஓவியத்துறைக்குத் தள்ளிவிடலாகாது.