கதிர் கொய்த சீடரும் கடல் கடந்த சொல்லும்

இங்கிலாந்தில் பல்லாண்டுகள் பங்குப்பணி ஆற்றிய குரு ஒருவர் நம் நெடுநாளைய நண்பர். ஒரு கோடையில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர்ப் பங்கொன்றுக்கு ஒரு மாதப் பணிக்காகச் சென்றிருந்தார். ஓய்வுநாளில் சீடர்கள் கதிர் கொய்து கைகளில் கசக்கித் தின்ற நிகழ்ச்சியைப் பற்றி (லூக் 6:1) அங்கு மறையுரை ஆற்றுகையில், இங்கிலாந்தில் பழகிய நாவினால் 'கார்ன்' என்னும் சொல்லையே திரும்பத் திரும்ப வழங்கினார். திருப்பலி முடிந்தபின் ஆலய வாயிலில் முதிய உழவர் ஒருவர் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "ஃபாதர், நான் பிறந்தது முதல் கார்ன் வயலில்தான் வாழ்கிறேன். அந்தக் கதிரைக் கையில் கசக்கித் தின்ன யாராலும் முடியாதே!" என்றாராம். அண்மையில் நம் பங்கு இல்லத்தில் இரவு உணவின்போது நண்பர் இதைச் சொல்ல, அமெரிக்க மறைமாவட்டமொன்றில் பணியாற்றி விடுமுறைக்கு வந்திருந்த மற்றொரு குரு விழுந்து விழுந்து சிரித்தார். அமெரிக்கருக்குக் கார்ன் என்றால் மக்காச்சோளம் அன்றோ!

அச்சொல்லின் வரலாறு சுவையானது. தானியம் எதற்கும் பொதுப்பெயராய் இருந்த அது, ஊருக்கு ஊர் அங்கு மிகுதியாய் விளையும் பயிரைக் குறிக்கலாயிற்று. இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், அமெரிக்காவில் மக்காச்சோளம். 1611-ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் ரூத்து பொறுக்கிய கதிரும் கார்னே. அதுவோ வாற்கோதுமை அறுவடைக் காலம். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய பயிர். 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே பழைய உலகம் அதைக் கண்டது. கலிலேயாவில் அதற்கு இடமேது? தெரியாத சொல்லைக் கேட்பவன் பொருள் வினவுவான். தெரிந்த சொல்லைத் தவறாய்க் கேட்பவனோ வினவுவதே இல்லை. அயோவா உழவர் வினவியது நண்பரின் நற்பேறு.

அவ்விரவு உரையாடல் ஒரு பழைய மொழிபெயர்ப்பு முயற்சியை மீண்டும் எண்ணிப் பார்க்க நம்மைத் தூண்டிற்று. கிங் ஜேம்ஸ் விவிலியத்தைத் திருத்த 1870-இல் கான்டர்பரி ஆங்கிலிக்கத் திருச்சபையினர் முடிவு செய்தனர். பின்னர் பிலிப் ஷாஃப் என்னும் இறையியலார் தலைமையில் அமெரிக்கக் குழுவொன்றும் அமைந்தது. இலண்டனில் ஒரு குழு, நியூயார்க்கில் ஒரு குழு. இடையே அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி வரைவுகளும் மறுப்புகளும் கப்பலில் போய் வந்தன. புதிய ஏற்பாடு 1881-இலும், பழைய ஏற்பாடு 1885-இலும் வெளிவந்தன. இறுதிச் சொல் ஆங்கிலேயருடையதே. ஆயினும் அமெரிக்கர் வேண்டி ஏற்கப்படாத திருத்தங்களை நூலின் இறுதியில் பிற்சேர்க்கையாக அச்சிட அவர்கள் இசைந்தனர். பதினான்கு ஆண்டுகள் தனிப் பதிப்பு வெளியிடுவதில்லை என அமெரிக்கரும் இசைந்தனர். 1901-இல் அமெரிக்கப் பதிப்பு வந்தபோது சீடர்கள் 'கிரெய்ன்' வயல் வழியே நடந்தனர். கிரெய்ன் எனில் இரு நாட்டார்க்கும் தானியமே. குழப்பம் தீர்ந்தது.

இப்பிற்சேர்க்கையை நாம் பெரிதும் மதிக்கிறோம். அதிலுள்ள அனைத்தும் சரி என்பதற்காக அன்று. ஆங்கிலேயர் விட மறுத்த 'ஹோலி கோஸ்ட்' என்பதற்கு மாறாக 'ஹோலி ஸ்பிரிட்' வேண்டும் என்றனர் அமெரிக்கர். கோஸ்ட் என்றால் மக்கள் காதில் பேயன்றோ ஒலிக்கிறது என்பது நியாயமே. (தூய ஆவி என்று மன்றாடும் நாம் இதற்குச் சிரிப்பதற்கில்லை. ஆவி பிடிப்பதும் ஆவி அடிப்பதும் நம் ஊரிலும் உண்டு.) ஆனால் நாணயத்தில் அவர்கள் சறுக்கினர். திராட்சைத் தோட்ட உவமையில் (மத் 20:1-16) வேலையாள் பெறும் தெனாரியத்தைப் பழைய ஆங்கிலம் 'பென்னி' என்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் நாள் முழுதும் வெயிலில் உழைத்தவனுக்கு ஒரு பென்னி கொடுப்பவன் வள்ளலா, கருமியா? கடவுளின் தாராளத்தைச் சொல்ல வந்த உவமையே கவிழ்ந்துவிடுகிறது. இதைக் கண்டுகொண்டது அமெரிக்கரின் கூர்மை. ஆனால் மருந்தாக அவர்கள் எடுத்தது 'ஷில்லிங்'! டாலரில் கணக்குப் பார்க்கும் நாட்டின் விவிலியத்தில் ஆங்கிலேயர் காசு. பன்னிரண்டு பென்னி மதிப்புள்ள அக்காசும் 1971-இல் பிரித்தானிய நாணய முறை மாறியபோது வழக்கொழியத் தொடங்கிற்று. நாளின் வழக்கமான கூலி என்றே பொருள்பட எழுதிய பிற்கால மொழிபெயர்ப்புகள் நம் கருத்தில் மேலானவை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் 'ஒரு பணம்' அக்காலத்தில் நன்றாகவே பொருந்தியிருக்கும். 1995-இன் பொது மொழிபெயர்ப்பு தெனாரியத்தை அப்படியே வைத்தது; இன்று மறையுரையில் அதை விளக்காமல் கடக்க முடிவதில்லை.

தவறும் சரியும் கலந்த அப்பட்டியல் வாசகன் கைக்கு வந்ததே அதன் சிறப்பு. ஒரே மொழி பேசும் இரு நாட்டார் எங்கே பிரிகின்றனர் என்பதை மறைக்காமல் அவன்முன் வைத்தனர்.

இவ்விடத்தில் நம் திருச்சபையின் ஒரு கதையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இக்குழுக்கள் கூடுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே, 1857-இல், ஆங்கிலக் கத்தோலிக்கருக்கு ஒரு புதிய விவிலியம் ஆக்கித் தரும்படி கர்தினால் வைஸ்மன் நியூமனைக் கேட்டார். 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே நியூமன்தான். அப்போது பால்டிமோர் பேராயர் கென்ரிக் தம் மொழிபெயர்ப்பை ஏற்கெனவே வெளியிட்டு வந்தார். 1858-இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், இரு முயற்சிகளையும் ஒன்றாக்கலாமே என முன்மொழிந்தனர். உரிய பதில் வரவில்லை. கென்ரிக் தம் வழியே சென்றார். நியூமன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 1870-இல் ஆங்கிலிக்கக் குழுவினர் அழைத்தபோதும் அவர் சேரவில்லை. ஆங்கில உரைநடையின் பேராசானிடமிருந்து ஒரு விவிலியம் நமக்குக் கிடைக்காமற் போனது பகைமையால் அன்று. ஒரு மடல் எழுதாமையால். இதை எண்ணுந்தோறும் நம் மனம் பொறுப்பதில்லை.

1963-இல் சங்கக் காலத்தில் உரோமையில் ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் ஆயர்கள் கூடி வழிபாட்டு மொழிபெயர்ப்புக்கென ஒரு பொதுக் குழு அமைத்தனர்; இந்திய ஆயர்களும் அதில் இருந்தனர். கடல் கடந்த உரையாடல் அப்போது மெய்யாகவே நிகழ்ந்தது. அக்குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து 1998-இல் முடித்த திருப்பலி நூலை உரோமை ஏற்கவில்லை. இலத்தீனை நெருக்கமாய்ப் பின்பற்றும் வேறொரு மொழிபெயர்ப்பு 2011-இல் வழக்கிற்கு வந்தது. அதன் இறுதியில் பிற்சேர்க்கை எதுவும் இல்லை. வழிபாட்டு நூல் ஆய்வு நூல் அன்று. பீடத்தின்மீது கருத்து வேறுபாடுகளை விரித்து வைக்க இயலாது என்பதை அறிவோம். எனினும் 'கான்சப்ஸ்டான்ஷியல்' என்னும் சொல்லை ஞாயிறுதோறும் சொல்லும் நியூயார்க் செவிலிக்கும் நைரோபி ஆசிரியைக்கும், வேறு எந்தச் சொல் எண்ணப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று ஒரு சிறு ஏட்டிலாவது சொல்லியிருக்கலாம். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இப்பொறுப்பின் பெரும்பகுதியை ஆயர் பேரவைகளிடமே திருப்பித் தந்தார். அவை அதை எவ்வாறு கையாளும் என்பதே இனி நம் கவலை.

அன்றிரவு நண்பர் தம் மறையுரைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அயோவாவிலிருந்து திரும்பிய பின் அதன் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து இரு நிரல்கள் எழுதத் தொடங்கியிருந்தார். இடப்பக்கம் கார்ன், வலப்பக்கம் கிரெய்ன். இடப்பக்கம் பிஸ்கட், வலப்பக்கம் குக்கி. அமெரிக்காவிலிருந்து வந்திருந்தவர் அதை வாங்கிப் பார்த்து, ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதினார். அதன்மேல் வழக்கு நடந்து முடிகையில் மணி பதினொன்று ஆகியிருந்தது.