பதினோராவது ஓவரில் எழும்பிப் போகாதீர்கள்

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான வேலை தொடங்கியது. நாளைக்கு அங்கே இலங்கையும் இந்தியாவும் ஒருநாள் ஆட்டம் ஆட வந்தால், ஊர்காவற்றுறைச் சனமும் வேலணைச் சனமும் பஸ்ஸில் போய்விடலாம். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகாட்டுவானில் வந்திறங்கிப் போகலாம். ஆனால் "ஐம்பது ஓவரோ? ஆர் இருந்து பார்க்கிறது?" என்ற கேள்வி இப்போதே எழுந்துவிட்டது. ரி20 பார்த்துப் பழகியவர்களும் உதைபந்தாட்டத்தில் ஊறியவர்களும் ஒரே குரலில் சொல்வது, நடு ஓவர்களில் ஒன்றும் நடக்காது என்பதுதான். இந்த வசனத்தை என்னால் பொறுக்கவே முடியாது. 2024 ஓகஸ்ட் 4ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் 97 ஓட்டம்வரை ஒரு விக்கெட்டும் விழாமல் நின்ற இந்தியா, 147க்கு ஆறு விக்கெட் என்றானது. அந்த ஆறையும் எடுத்தவர் ஜெப்ரி வண்டர்சே. எல்லாம் அந்த 'ஒன்றும் நடக்காத' ஓவர்களில்தான்.

அடிப்படை கொஞ்சந்தான். அணிக்கு 50 ஓவர். ஒரு பந்துவீச்சாளருக்குக் கூடினால் 10. முதல் பத்து ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே களத்தடுப்பாளர் இரண்டு பேர்தான் நிற்கலாம், 11 முதல் 40 வரை நான்கு பேர், கடைசிப் பத்தில் ஐந்து பேர். மிச்சமெல்லாம் பார்க்கப் பார்க்க வரும். 11 என்ற இலக்கத்தை மட்டும் நினைவில் வையுங்கள். அப்போது எல்லைக்கு ஆட்கள் போகிறார்கள், நான்கு ஓட்டங்கள் அருகுகின்றன, ஆட்டம் ஒற்றை ஓட்டத்தில், அதாவது சிங்கிளில், ஓடத் தொடங்குகிறது. வீடுகளில் தேத்தண்ணிக்கு எழும்புகிற நேரமும் அதுதான்.

சிங்கிள் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கொடுத்த சிங்கிள் ஒன்று, எடுத்த சிங்கிள் இன்னொன்று. ஒருநாள் ஆட்டத்தை ரசிக்க இந்த வித்தியாசம் பிடிபட்டால் போதும் என்பேன். லோங்-ஒன் எல்லையில் ஆள் நிற்கிறார், துடுப்பாட்டக்காரர் அந்தப் பக்கம் தட்டிவிட்டு ஆறுதலாக மறுமுனைக்குப் போகிறார், பந்துவீச்சாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: அது கொடுத்தது. களத்தடுக்கும் அணியின் தலைவர் விரும்பியே விட்ட ஓட்டம்; அடுத்த பந்துக்கு மற்றத் துடுப்பாட்டக்காரர் முன்னுக்கு வரவேண்டும் என்பது அவருடைய கணக்காக இருக்கும். மற்றதைப் பாருங்கள். துடுப்பாட்டக்காரருக்குப் பக்கவாட்டில், பொயின்ற்றில், ஆள் கிட்ட நிற்கிறார், பந்தும் நல்ல அளவில் விழுகிறது. துடுப்பாட்டக்காரர் கைப்பிடியைத் தளர்த்திப் பந்தைக் காலடியிலேயே சாகவைக்கிறார். மறுமுனைக்காரர் கூப்பிடு கேட்க முன்னரே பாதித் தூரம் வந்துவிட்டார். களத்தடுப்பாளர் குனிந்து எடுத்து எறிய வழியில்லாமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அது எடுத்தது. புள்ளிப் புத்தகத்தில் இரண்டும் 1 தானே என்று கேட்பீர்கள். ஆனால் கொடுத்த சிங்கிள் களத்தில் ஒருவரையும் அசைப்பதில்லை. எடுத்த சிங்கிள் இரண்டு மூன்று விழுந்தால் தலைவர் பொயின்ற்றை இன்னும் கிட்டக் கூப்பிடுவார். அப்போது அந்தக் களத்தடுப்பாளருக்குப் பக்கத்தில் இடைவெளி திறக்கும். இரண்டு ஓவர் கழித்து அந்த இடைவெளியால் பந்து எல்லைக்குப் போகும். அந்த நான்குக்குத்தான் மைதானம் கைதட்டுகிறது. அது செய்யப்பட்டதோ இரண்டு ஓவருக்கு முன்னர்.

பழைய ஆட்டங்களை இந்தக் கண்ணோடு திரும்பப் போட்டுப் பாருங்கள். 1996 மார்ச் 17, லாகூர் உலகக் கிண்ண இறுதியாட்டம். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் எடுத்த 107இல் 13 நான்குகள், ஆறு ஒன்றும் இல்லை. மிச்சம் 55ஐயும் ஓடித்தான் எடுத்தார். 2011 ஏப்ரல் 2, மும்பை உலகக் கிண்ண இறுதியாட்டம்: தோனி கடைசியில் அடித்த ஆறைத்தான் இன்றும் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். அந்த ஆட்டத்தை எங்களிடமிருந்து பறித்தவர் கௌதம் கம்பீர். அவருடைய 97இல் 61 ஓட்டம் ஓடி எடுத்தது. முரளிதரன் அன்றைக்கு எட்டு ஓவரில் கொடுத்தது 39 தான், விக்கெட்டோ ஒன்றும் விழவில்லை. சுருக்கக் காட்சிகளைப் பார்த்து ஆட்டம் விளங்கிவிட்டது என்று கதைப்பவர்கள் மேலோட்டமானவர்கள், இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வராது. ஆறுகளை எண்ணி விமர்சனம் எழுதுவோருக்கும் இதே பதில்தான்.

பெரிய ஆட்டக்காரர்களே இது வேண்டாம் என்கிறார்களே என்பீர்கள். உண்மை, 2022இல் வசீம் அக்ரம் ஒருநாள் ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்றார். ஆனால் 1992 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அலன் லாம்பையும் கிறிஸ் லூயிஸையும் அடுத்தடுத்து வீழ்த்திய அவருடைய இரண்டு பந்துகளும் 35ஆவது ஓவரில் விழுந்தவை. நடு ஓவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பந்துகளும் இல்லை. 2027 உலகக் கிண்ணத்துக்கு முன் எத்தனையோ பேர் திரும்பவும் ஒப்பாரி வைப்பார்கள், காதில் போடவேண்டாம்.

உங்களுக்கென்று ஒன்று சொல்கிறேன். இலங்கை–இந்தியா ஆட்டங்களில் எனக்கு மிகப் பிடித்த ஓட்டம், எடுக்கப்படாத ஒரு சிங்கிள். 2024 ஓகஸ்ட் 2, அதே பிரேமதாச மைதானம். இலங்கை 230, இந்தியாவும் 230க்கு வந்துவிட்டது. கையில் இரண்டு விக்கெட், தேவை ஒன்றே ஒன்று, பந்துகளும் தாராளம். அந்த ஓட்டத்தை எந்தத் தலைவரும் கொடுக்கமாட்டார், எடுக்கத்தான் வேண்டும். தலைவர் சரித் அசலங்கவே பந்துவீசினார். ஷிவம் துபே எல்பிடபிள்யூ. அடுத்த பந்திலேயே அர்ஷ்தீப் சிங், பெரிய அடிக்குப் போய், அவரும் எல்பிடபிள்யூ. 13 பந்து மிச்சமிருக்க ஆட்டம் சமநிலை. அடுத்த ஆட்டம் வரும்போது தேத்தண்ணியைப் பத்தாவது ஓவருக்குள் போட்டு முடியுங்கள். பதினொன்றிலிருந்து துடுப்பாட்டக்காரரை விட்டுவிட்டுப் பொயின்ற்றில் நிற்பவரின் கால்களைப் பாருங்கள், முன்னுக்கு வருகிறாரா, பின்னுக்குப் போகிறாரா என்று.