துக்கிப்பவரின் குறிப்பேடு: சி. எஸ். லூயிஸின் நூல் பற்றிய ஒரு திறனாய்வு

துக்கவீட்டில் ஆயர் பேச வேண்டியவை யாவை என்று கற்பிக்கும் நூல்கள் பல உள. ஆயர் பேசியவை துக்கிப்பவர் செவியில் எவ்வாறு விழுந்தன என்பதை அறிவிக்கும் நூல்களோ மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று, சி. எஸ். லூயிஸ் எழுதி 1961இல் வெளிவந்த 'எ கிரீஃப் அப்சர்வ்டு' என்னும் சிறு நூல். துயரைக் கூர்ந்து நோக்கிய ஒருவரின் பதிவு என்று அத்தலைப்பை விளக்கலாம். ஆறுதல் ஊழியத்திற்கு அந்நூல் எவ்வாறு பயன்படும், எவ்விடத்தில் குறைபடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் பின்னணி

லூயிஸ் ஆங்கில இலக்கியப் பேராசிரியர், இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தவர், குருப்பட்டம் பெறாதவர். அமெரிக்க எழுத்தாளரான ஜாய் டேவிட்மன் புற்றுநோயால் படுத்திருந்த காலத்தில், 1957 மார்ச்சில், மருத்துவமனைக் கட்டிலருகே அவர்களுக்குத் திருச்சபை முறைப்படி திருமணம் நடைபெற்றது. நோய் சில காலம் தணிந்தது, பின்னர் மீண்டது. 1960 ஜூலை 13ஆம் நாள் ஜாய் மரித்தார். அதன்பின் லூயிஸ் வீட்டில் கிடந்த குறிப்பேடுகள் நான்கில் எழுதியவையே இந்நூலின் நான்கு பகுதிகள். என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் அதனை வெளியிட்டார். மனைவியையும் ஓர் எழுத்தாலேயே குறித்தார். 1963இல் அவர் மறைந்த பின்னரே நூல் அவரது சொந்தப் பெயரைப் பெற்றது.

நூல் கூறுவது

முதற்பகுதி வாசகரைத் திடுக்கிடச் செய்யும். இன்பநாளில் வரவேற்றவராகத் தோன்றிய கடவுள், இடுக்கண் நாளில் கதவைத் தாழிட்டுக்கொண்டவராகத் தோன்றுகிறார் என்று எழுதுகிறார். கடவுள் இல்லையோ என்பது அவர் ஐயமன்று. இருக்கும் கடவுள் கொடியவரோ என்பதே அவர் அச்சம். சமயத்தின் உண்மையையும் கடமையையும் பற்றிப் பேசினால் கேட்க ஆயத்தமாயிருக்கும் அவர், சமயம் தரும் ஆறுதலைப் பற்றிப் பேசுபவரை ஏற்க மறுக்கிறார். பிற்பகுதிகளில் நிலை மெல்ல மாறுகிறது. கதவை அடைத்தது தம் சொந்தத் தவிப்பின் வேகந்தானோ என்று வினவுகிறார். மனைவியைப் பற்றித் தம் மனத்திலுள்ள உருவம் மனைவியாகாது. அதுபோலக் கடவுளைப் பற்றிய நம் உருவமும் கடவுளாகாது, அதனை உடைப்பவர் கடவுளே என்னும் தெளிவு பிறக்கிறது.

மதிப்பீடு

1940இல் லூயிஸ் 'தி பிராப்ளம் ஆஃப் பெயின்' என்ற நூலில் துன்பம் பற்றிய தர்க்கரீதியான விளக்கம் தந்திருந்தார். பிந்திய நூல் முந்தியதை மறுத்துவிட்டது என்பாருமுளர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. அறிவுக்கு எழும் வினாவை மட்டுமே ஆராய்வதாகவும், துன்புறுவோனுக்கு அறிவைவிடத் துணிவும், துணிவைவிட மனித இரக்கமும், எல்லாவற்றையும்விடச் சிறிதளவேனும் இறையன்பும் உதவும் என்பதாகவும் முந்திய நூலின் முகவுரையிலேயே அவர் கூறியிருந்தார். எனவே கோட்பாடு பொய்த்துப் போகவில்லை. கோட்பாடு செய்யவியலாத பணி எது என்பதே வெளிப்பட்டது.

நூலின் தனிச்சிறப்பு, துக்கிப்பவர் கடவுளுக்கெதிராகப் பேசும் சொற்களை அழிக்காமல் விட்டுவைத்தமை. இதில் திருமறையின் மரபே தொடர்கிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. எனினும் சபை அதனைத் தன் வழிபாட்டு நூலினின்று நீக்கவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது தரையில் உட்கார்ந்திருந்த வரையில் குற்றமற்றவராயிருந்தனர் (யோபு 2:13). விளக்கம் கூறத் தொடங்கியபின் கடவுளின் சினத்துக்கு ஆளாயினர் (42:7). முறையிட்ட யோபுவோ சரியாகப் பேசியவன் எனப்பட்டான்.

ஆயினும் நூலில் ஒரு பெருங்குறை உண்டு. அதில் சபை ஏறக்குறைய இல்லை. தாயை இழந்த சிறுவர் இருவர் அவ்வீட்டிலேயே உளர். அவர்களிடம் தாயைப் பற்றிப் பேச முயன்றபோது அவர்கள் முகத்தில் கூச்சமே தோன்றியது என்று லூயிஸ் குறிக்கிறார். குறிப்பேடு ஒன்றே அவருக்குத் துணை. இக்குறை அவரது வேதவிளக்கத்தையும் பாதித்தது. நம்பிக்கையற்றோரைப்போல் துக்கிக்கலாகாது என்னும் பவுலின் வாக்கு, மரித்தோரைவிடக் கடவுளையும், தம்மைவிட மரித்தோரையும் மிகுதியாக நேசிப்போர்க்கே ஆறுதலாகும் என்கிறார். அப்பாலுலகில் குடும்பம் ஒன்றுகூடும் என்ற எண்ணத்திற்குத் திருமறையில் ஆதாரமில்லை என்றும் தள்ளுகிறார். மலிவான சித்திரங்களை அவர் மறுப்பது சரியே. ஆனால் 1 தெசலோனிக்கேயர் 4:17 மரித்தோரையும் உயிரோடிருப்போரையும் சேர்த்தே ஆண்டவரோடு இருக்க வைக்கிறது; அடுத்த வசனம் இச்சொற்களால் ஒருவரையொருவர் தேற்றப் பணிக்கிறது. தேற்றுதல் எனப் பொருள்படும் பராகலேயோ என்ற கிரேக்கச் சொல்லுக்கு அருகே அழைத்தல் என்பது அடிப்பொருள். தனிமையில் படிக்கும் ஒருவருக்கன்று, கூடியிருக்கும் சபைக்கே பவுல் அதை எழுதினார்.

ஆறுதல் ஊழியத்திற்கு

இவ்விடத்தில் நம் சபைகளுக்கு ஓர் எச்சரிப்பு உண்டு. அதே பகுதியின் 13ஆம் வசனத்தைக் கொண்டு, விசுவாசி அழலாமா என்று அடக்க ஆராதனையில் கேட்போர் உளர். பவுல் துக்கத்தைத் தடுக்கவில்லை. நம்பிக்கையற்ற துக்கத்தையே தடுத்தார். மார்த்தாளும் மரியாளும் ஆண்டவரிடம் கூறிய சொற்கள் ஒன்றே (யோவான் 11:21, 32). ஒருத்திக்கு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிய போதனையால் விடையளித்தார். மற்றவளோடு கண்ணீர் விட்டார். எவருக்கு எது, எப்போது என்று பகுத்தறிவதே ஆயரின் கடமை. தோளோடு தோள் சேர்த்து வட்டமாயமர்ந்து அழும் நம் பெண்களின் ஒப்பாரியை அவிசுவாசம் என்று கண்டிப்பதற்குமுன், லூயிஸுக்குக் கிட்டாத துணை அங்கே இருப்பதை உணர வேண்டும். அழுவோரோடு அழுதல் அப்போஸ்தலக் கட்டளை (ரோமர் 12:15). அவ்வட்டத்தினின்று பெண்களை எழுப்பிவிடுவது சபையின் வேலையன்று. அதனுள் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் கொண்டு செல்வதே சபையின் வேலை.

ஆகவே, ஊழியத்திற்கு ஆயத்தமாகும் மாணவர் ஒவ்வொருவரும் இந்நூலைக் கற்க வேண்டும். ஆனால் அடக்கம் முடிந்த வாரத்திலேயே அதைத் துக்கிப்பவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பலாகாது. புத்தகம் ஆயருக்கு உரியது. துக்கிப்பவருக்கு வேண்டியது ஆயரின் வருகை. முதல் வாரத்தில் மட்டுமன்று, உறவினர் ஊர் திரும்பிய பின்னரும் அவ்வருகை தொடர வேண்டும்.