கிண்டியில் மேலைநாட்டு விருந்து: எப்படி ரசிப்பது?

மேலைநாட்டு முறைப்படி சமைத்த உணவையும் அதனோடு அருந்தும் பானங்களையும் நிதானமாக அறிந்துகொள்ள விரும்பும் சென்னைவாசிக்குக் கிண்டி இன்று நல்ல தொடக்கமாக அமைகிறது. 1958இல் தொழிற்பேட்டை அமைந்த காலத்திலிருந்து லேத் பட்டறைகளுக்கும் உதிரிபாகங்களுக்கும் பெயர்பெற்றிருந்த இந்தப் பகுதி, விமான நிலையம் செல்லும் வழியில் இருப்பதாலும், ஒலிம்பியா போன்ற தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் அருகில் எழுந்ததாலும், 2011, 2012 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மூன்று பெரிய நட்சத்திர ஓட்டல்களைப் பெற்றது. கத்திப்பாராவை அடுத்த உள்வட்டச் சாலையில் ஹில்டனும், வேளச்சேரி சாலையில் தேசியப் பூங்காவின் மரங்களைப் பார்த்தபடி பார்க் ஹயாத்தும், அண்ணா சாலையில் சோழர் கோயில் கட்டடக்கலையின் சாயலில் கட்டப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழாவும் நிற்கின்றன. கிராண்ட் சோழாவின் ‘ஒட்டிமோ’ முழுக்க இத்தாலிய உணவுக்கென்றே அமைந்தது. பார்க் ஹயாத்தின் ‘ஃபிளையிங் எலிஃபண்ட்’ பல தளங்களாக விரிந்து, சமையற்கூடங்களைக் கண்ணெதிரே காட்டும் உணவகம். ஹில்டனின் மொட்டைமாடியில் ‘க்யூ பார்’ இருக்கிறது.

இவை யாவும் ஓட்டல்களுக்குள்ளேயே இருப்பது தற்செயலன்று. ‘பப்’ என்பது பொதுமக்கள் கூடும் இல்லம் என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். இங்கிலாந்தில் அது தெருவுக்கொன்றாய் இருந்து, அக்கம்பக்கத்தார் மாலையில் கூடி, ஒரு கோப்பை பீருடன் ஊர்க்கதை பேசிப் பிரியும் இடமாக வளர்ந்தது. தமிழ்நாட்டிலோ மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதற்கு வெளியே மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் மனமகிழ் மன்றங்களுக்குமே கிடைக்கிறது. ஆகவே பெங்களூரில் காணப்படுவதைப் போன்ற தனித்த தெருமுனைப் பப் இங்கே வேரூன்றவில்லை. ஆழ்வார்பேட்டைப் பக்கம் பல ஆண்டுகள் அயர்லாந்துப் பெயருடன் இயங்கிய ‘டப்ளின்’ கூட ஓட்டலுக்குள்தான் இருந்தது. அந்த ஓட்டல் 2023 இறுதியில் மூடப்பட்டது. கிண்டியில் பப் என்று சொல்லப்படும் இடத்துக்குச் செல்பவர், அது அக்கம்பக்கத்தாரின் கூடமாக அல்லாமல் விடுதியின் ஓர் அறையாக இருக்கும் என்பதை முன்பே மனத்தில் கொண்டால் ஏமாற்றம் இராது.

மேலைநாட்டுச் சாப்பாடு நகரத்துக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மவுண்ட் ரோடில் ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸ் என்பவர் நடத்திய ஓட்டல், வெள்ளையர் சமூகத்தின் விருந்துகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. 1910இல் சென்னையில் விமானம் பறக்கவிட்டவரும் அவரே. பின்னர் அவ்விடம் பொசோட்டோ என்னும் இத்தாலியப் பெயரால் அறியப்பட்டது. இந்த மரபு பரந்த மக்களிடம் வந்து சேராமல் போனதற்கு மதுவிலக்கும் ஒரு காரணம். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்து, 1971 வரை தொடர்ந்தது. அக்காலத்தில் மது என்பது ‘பர்மிட்’ வைத்திருப்பவர் தனி அறையில் அருந்தும் பண்டமாக இருந்தது. ‘பர்மிட் ரூம்’ என்ற சொல்லே அந்த ஒதுக்கத்தின் எச்சம். குடி உணவு மேசையிலிருந்து பிரிக்கப்பட்டபோது, உணவு குடிக்குத் துணையாகச் சுருங்கி, ‘சைட் டிஷ்’ என்னும் பெயரை ஏற்றது. மேலைநாட்டு மேசையில் இந்த உறவு தலைகீழானது: அங்கே உணவு முதன்மை, பானம் அதற்குத் துணை. இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொண்டவருக்குப் பட்டியலில் உள்ள பாதிப் பெயர்கள் தாமாகவே விளங்கும்.

ஆயினும் ரசனைக்குக் குறுக்கே நிற்கும் பெரிய தடை வேறொன்று. அது பழக்கத்தில் இருக்கிறது. தலைவாழை இலையில் சாப்பிடுபவருக்குச் சாம்பார், ரசம், மோர் என்ற வரிசை உண்டு என்றாலும், பொரியலும் கூட்டும் ஊறுகாயும் அப்பளமும் தொடக்கம் முதல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எந்தக் கவளத்தில் எதை எவ்வளவு சேர்ப்பது என்பதை முடிவுசெய்பவர் உண்பவரே. சமைத்தவர் பகுதிகளைத் தருகிறார். இலையில் அவற்றைச் சேர்த்து உணவாக்குவது சாப்பிடுபவரின் விரல்கள். மேலைநாட்டுத் தட்டில் அந்தச் சேர்க்கையைச் சமையற்காரர் அடுப்படியிலேயே முடித்துவிடுகிறார்: உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எது மொறுமொறுப்பு, எது குழைவு என்று கணக்கிட்டு, ஒவ்வொரு கவளமும் ஏறத்தாழ ஒரே சேர்க்கையாக வரும்படி தட்டை அமைக்கிறார். இதை அறியாத கை தட்டு வந்த கணத்தில் சில்லி ஃபிளேக்ஸையும் தக்காளி சாஸையும் தேடுகிறது. ‘சப்பென்று இருக்கிறது’ என்ற தீர்ப்பு சுவைப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. காரம் குறைந்த உணவு சுவை குறைந்த உணவாகிவிடாது. காரம் விலகி நிற்கும்போது பாலின் இனிப்பையும் தானியத்தின் மணத்தையும் எண்ணெயின் கசப்பையும் நாக்கு தனித்தனியே அடையாளம் காண முடிகிறது.

இதற்கு நல்ல பயிற்சி ரிசோட்டோ. வட இத்தாலியின் இந்தச் சோற்று உணவு, பொங்கல் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு மிக அருகில் இருந்துகொண்டே மிக வேறாக இருக்கிறது. ஆர்போரியோ, கார்னரோலி போன்ற குட்டையான, மாவுச்சத்து மிகுந்த அரிசியைக் கழுவாமல் வெண்ணெயில் வறுத்து, கொதிக்கும் காய்கறிச் சாற்றையோ இறைச்சிச் சாற்றையோ கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். அரிசி தன் மேல்தோலின் மாவுச்சத்தை மெல்லக் கழற்றிக் கொடுக்க, அதுவே குழம்பாகிறது. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும். இறுதியில் அடுப்பை அணைத்த பின் குளிர்ந்த வெண்ணெயும் துருவிய பார்மேசான் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகமாகக் கலக்கும்போதுதான் பளபளப்பு வருகிறது. வெண்பொங்கலில் அரிசி குழைந்து பருப்போடு ஒன்றாகிவிட வேண்டும்; ரிசோட்டோவில் சுற்றியுள்ள குழம்பு குழைவாக இருக்க, ஒவ்வொரு பருக்கையின் நடுவிலும் பல்லுக்கு லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும். தட்டைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் நன்றாகச் செய்த ரிசோட்டோ அலைபோல் மெதுவாக நகரும். குவித்துவைத்த உப்புமாவைப் போல நிமிர்ந்து நின்றால் அது காத்திருந்த ரிசோட்டோ. படம் எடுப்பதில் போகும் இரண்டு நிமிடத்தில் அது இறுகத் தொடங்கிவிடும் என்பதால், வந்தவுடன் விளிம்பிலிருந்து உள்நோக்கி உண்ணத் தொடங்குவதே முறை.

பல்லுக்கு எதிர்ப்பு என்ற இந்த அளவுகோலை இத்தாலியர் ‘அல் தெந்தே’ என்பார்கள். பாஸ்தாவுக்கும் அதுவே இலக்கணம். உலர் பாஸ்தா ‘டூரம்’ என்னும் கடினக் கோதுமையின் ரவையால் ஆனது; தமிழ் வீடுகளில் சம்பா கோதுமை என்று வழங்குவது இந்த டூரத்துக்கு நெருங்கிய உறவு. நன்கு வெந்த பாஸ்தாவைக் கடித்துப் பார்த்தால் குறுக்குவெட்டின் நடுவில் ஊசிமுனை அளவு வெளிர்நிறம் தெரியும். ‘வேகவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் தட்டுகளில் பல சரியாகவே வெந்தவை.

பீட்சாவைப் பொறுத்தவரை, இட்லி மாவைப் புளிக்கவைக்கத் தெரிந்த சமூகத்துக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. நேப்பிள்ஸ் நகரத்துப் பாணியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கைத் தவிர வேறெதுவும் அடித்தட்டில் இல்லை. பல மணிநேரம் புளித்த மாவு, 450 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. விளிம்பு உப்பி, சிறுத்தைத் தோலைப் போலக் கருகிய புள்ளிகளுடன் இருந்தால் அது குறையன்று, வெப்பத்தின் முத்திரை. நடுப்பகுதி மெலிதாகவும் சற்று ஈரமாகவும் இருக்கும்; அதைத் தோசையின் மொறுமொறுப்போடு ஒப்பிடலாகாது. முதன்முறை செல்பவர் தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை ஆகியவை மட்டும் இடம்பெறும் மார்கரீட்டாவைக் கேட்பது நல்லது. மேலே பத்துப் பொருள்கள் குவிந்த பீட்சாவில் மாவின் தரம் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

நாம் மேலைநாட்டுக்குக் கொடுத்ததும் அங்கிருந்து கொண்டதும் கலந்து கிடப்பதைக் காணச் சூப்பும் காய்கறியும் போதும். பழைய பாணிப் பட்டியல்களில் காணப்படும் ‘மல்லிகடானி’ நம் மிளகுத் தண்ணீரின் திரிபு; மதராஸில் இருந்த ஆங்கிலேயர் ரசத்தில் இறைச்சியும் சோறும் சேர்த்துச் சூப்பாக்கிக் கப்பலேற்றினார்கள். மறுபுறம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் ஜான் சல்லிவன் முதலானோர் பயிரிடத் தொடங்கிய முட்டைக்கோசும் கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் இன்றும் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்றே அழைக்கப்படுகின்றன. மயிலாப்பூர் வீடுகளில் திவசச் சமையலுக்கு அவை ஆகாது என்ற விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாகப் புழங்கும் காய்க்கும் அந்நியம் என்ற பெயர் நீங்கவில்லை என்னும்போது, ரிசோட்டோவுக்குக் கொஞ்சம் அவகாசம் தருவது நியாயமே.

பானங்களில் பீரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பீர் இரண்டு பெருங்குலங்களாகப் பிரியும்: குளிர்ந்த நிலையில் மெல்லப் புளிக்கும் ‘லாகர்’ தெளிவாகவும் இலகுவாகவும் இருக்கும், சற்று வெதுவெதுப்பில் புளிக்கும் ‘ஏல்’ பழமணமும் கனமும் கொண்டது. வறுத்த பார்லியால் கறுத்து, காப்பிக்கொட்டையின் கசப்பை நினைவூட்டும் ‘ஸ்டௌட்’ ஏலின் கிளை. டிகிரி காப்பியின் கசப்பை விரும்பும் நாக்குக்கு அது எளிதில் பிடிபடும். ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பெயரைக் கண்டு அது இங்கே தோன்றியது என்று எண்ண வேண்டாம்: நெடுங்கடல் பயணம் தாங்கி இந்தியத் துறைமுகங்களை அடைவதற்காக, கெடாமல் காக்கும் ஹாப்ஸ் பூவை மிகுதியாகச் சேர்த்து இங்கிலாந்தில் காய்ச்சப்பட்டது அது. அதன் தூக்கலான கசப்பு வறுத்த கொடுவா மீனின் கொழுப்பை வெட்டுவதால், மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பவருக்குப் பொருத்தமான துணை. ஜின் அண்ட் டானிக்கின் கசப்போ கொய்னாவுக்குரியது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா தரும் சின்கோனா மரங்களை ஆங்கிலேயர் 1860களில் நீலகிரியிலும் வளர்த்தார்கள். மது வேண்டாதவர் ஜின் இல்லாமல் டானிக்கையும் எலுமிச்சையையும் மட்டும் கேட்டுப் பெற்றால், அந்தக் கசப்பின் பங்கு முழுதாகவே தெரியும். தமிழ்நாட்டில் மது வழங்கப்படுவது 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. வாகனம் ஓட்டி வந்தவர் அருந்தலாகாது என்ற விதியை மீறவும் கிண்டியில் சாக்கு இல்லை, 2016 முதல் மெட்ரோ நிலையம் அங்கேயே இருக்கிறது.

முதல் முறை செல்பவருக்கு பஃபே ஏற்றதன்று என்பது இங்கே அழுத்திச் சொல்லத்தக்கது. நாற்பது வகைகளை ஒரே தட்டில் அடுக்கும் பஃபேயில் வரிசை குலைந்து, ரிசோட்டோ சூட்டுப் பாத்திரத்தில் இறுகி, மேலே விவரித்த எதுவும் தெரியாமல் போய்விடும். பட்டியலைப் பார்த்துக் கேட்கும் உணவகத்தில், கூட்டம் குறைந்த வார நாளில், இருவராகச் சென்று, ஒரு சூப், ஒரு ரிசோட்டோ அல்லது பாஸ்தா, ஒரு மீன், ஓர் இனிப்பு என்று நான்கை மட்டும் வரவழைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவராமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தரும்படி பரிமாறுபவரிடம் சொல்லிவைக்க வேண்டும். இடைவெளியைத் தாமதம் என்று கருதி முகம் சுளிக்க வேண்டியதில்லை, அந்த இடைவெளியும் விருந்தின் பகுதிதான். செலவு மிகுதி என்பதால் அடிக்கடி செல்வது பலருக்கு இயலாது; அதனாலேயே செல்லும் ஒரு முறையை அவசரத்தில் வீணாக்கக் கூடாது. தட்டு வந்ததும், சில்லி ஃபிளேக்ஸ் சீசாவை முதல் மூன்று கவளங்கள் முடியும்வரை மேசையின் மறுபக்கத்தில் வைத்துவிடுங்கள்.